மோட்டார் அறையில் செருகியிருந்த கார்டு

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் தோட்டத்து மோட்டார் நின்றுபோனது. கத்தரிச் செடிகள் தலை தொங்கத் தொடங்கியிருந்தன. மோட்டார் அறையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால், காயில் கட்டி மோட்டார் பழுதுபார்ப்பவரின் விசிட்டிங் கார்டு ஒன்று செருகியிருந்தது. கறுப்புப் பரப்பு, தங்க நிறத்தில் மெல்லிய எழுத்து, மேலே பளபளப்பான லேமினேஷன். அப்பா அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், வெயில் பட்டதும் லேமினேஷன் கண்ணைக் கூச வைத்தது. கடைசியில் என்னிடம் நீட்டி, "இது மூன்றா, எட்டா? பாரம்மா" என்றார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு விதமாகவும் அழைத்துப் பார்த்தோம். இரண்டாவதில்தான் ஆள் கிடைத்தார்.

அந்தக் கார்டை வடிவமைத்துக் கொடுத்தவள் நான்.

மதுரையில் டி.டி.பி. (கணினியில் அச்சுக்கு வடிவமைக்கும்) கடை வைத்து 16 ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தம்பி வந்து, "நகைக்கடை கார்டு மாதிரி கம்பீரமாக இருக்க வேண்டும் அக்கா" என்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. சரி என்று தலையாட்டினேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. திரையில் கார்டைத் தாம்பாளம் அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். வாடிக்கையாளர் கைக்குப் போவதோ 3.5 அங்குல நீளமும் 2 அங்குல உயரமும் உள்ள ஒரு துண்டு. திரையில் மின்னும் தங்கம், ஆஃப்செட் அச்சில் மைகள் கலந்த ஒரு மங்கிய பழுப்பாக வந்து நிற்கும். அதோடு, கறுப்பு நன்றாக அடர்ந்து தெரிய வேண்டும் என்று நான்கு நிறங்களையும் அதில் கலந்திருந்தேன். நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட், அதாவது அச்சுத் தகடு. அதில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் மெல்லிய எழுத்தின் ஓரத்தை அந்த மை தின்றுவிடும். 3-இன் வாய் மூடிக்கொள்ளும். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அதுதான் நடந்திருந்தது.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் அவரைக் கடைக்கு வரச் சொன்னேன். புதுக் கார்டு, என் செலவில். இந்த முறை நிறம், டிசைன் எதையும் பேசவில்லை. "தம்பி, உங்கள் கார்டை யார், எந்த நேரத்தில் எடுத்துப் பார்ப்பார்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "மோட்டார் ஓடாதபோதுதான் அக்கா. மற்ற நேரத்தில் என் நினைப்பு யாருக்கு வரப்போகிறது? மும்முனை மின்சாரம் விடிகாலையில் வந்தால், ஒரு கையில் டார்ச்சோடு தேடுவார்கள்."

அந்தப் பதிலே கார்டின் பாதியை வடிவமைத்துவிட்டது. வெள்ளைப் பரப்பு, ஒரே கறுப்பு மை. போன் எண் அடியில், கார்டின் அகலம் முழுக்க, பெரிய தடித்த எழுத்தாக. ஐந்தைந்தாகப் பிரித்து நடுவில் இடைவெளி, ஏனென்றால் நம் வாய் எண்ணை அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறது. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்று 14 வேலைகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். போர்வெல் மோட்டார் காயில் கட்டுதல், மோட்டார் இறக்கி ஏற்றுதல், ஸ்டார்ட்டர் வேலை என மூன்றை மட்டும் வைத்தேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கார்டில் மிக்ஸி என்று பார்க்கிற விவசாயிக்கு, 600 அடி ஆழத்து மோட்டாரை இவரை நம்பி மேலே எடுக்கலாமா என்ற தயக்கம் வரும்.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் 7 பாயிண்ட் எழுத்தளவில் தெளிவாக நிற்கும். தமிழில் ணை, ஞ, னை போன்றவற்றின் சுழிகள் அந்த அளவில் மையால் அடைந்துவிடும். 9 பாயிண்டுக்குக் கீழே நான் இறங்குவதே இல்லை. நம் சொற்களும் நீளமானவை. 'பழுதுபார்க்கப்படும்' ஒன்றே பாதி வரியை விழுங்கும். இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குகிற வழக்கம் எனக்கு அடியோடு பிடிக்காது. சொல்லைக் குறைக்கலாம், எழுத்தை நசுக்கக் கூடாது.

உச்சியில் 'பாண்டி முனீஸ்வரர் துணை' இருக்கட்டும் என்றார், வைத்தேன். சாமி படமும் கேட்டார். கார்டு பர்ஸுக்குள் போகும், பர்ஸ் பின்பாக்கெட்டுக்குப் போகும், சிலருக்கு அது மனம் ஒப்பாது என்றேன். உடனே புரிந்துகொண்டார். கியூஆர் கோடு வேண்டாம் என்று இருவருமே சொன்னோம். வேறு தொழிலுக்கு அதை வைக்கும்போது 2 சென்டிமீட்டருக்குக் குறைக்க மாட்டேன்; சுற்றிலும் அதன் சிறு கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் விடுவேன்.

அட்டை விஷயத்தில்தான் நெடுநேரம் பேசினோம். லேமினேஷன் போட்ட கார்டில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், எழுதினாலும் அழியும். இவருக்கோ எழுத இடம் வேண்டும். எனவே பூச்சில்லாத, கெட்டியான 300 ஜி.எஸ்.எம். அட்டை, பின்பக்கத்தில் மூன்று கோடுகள்: குழாய் எத்தனை அடி, மோட்டார் எத்தனை எச்.பி., காயில் கட்டிய தேதி. "கிரீஸ் கை பட்டு அழுக்காகுமே அக்கா" என்றார். ஆகட்டும். அந்த மூன்று விவரமும் எழுதிய அட்டையை எந்த விவசாயியும் தூக்கிப் போட மாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தையல் கடைக்காரருக்குப் போன் எண்ணில் ஓர் இலக்கம் மாறி 1000 கார்டு வீணாயிற்று. புரூப்பில், அதாவது மாதிரி அச்சில், இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். பழகிய எண்ணைக் கண் படிப்பதில்லை, தெரிந்ததைத் தானே நிரப்பிக்கொள்கிறது. அதன் பிறகு எண்ணைச் சரிபார்க்க நான் கண்ணை நம்புவதில்லை.

புரூப்பை அசல் அளவில் அச்செடுத்து, வெட்டி, மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றினேன், டியூப்லைட்டை அணைத்தேன், அட்டையைக் கை நீளத்தில் பிடித்து, கண்ணுக்குத் தெரிந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக என் போனில் அழுத்தினேன். அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது. அதன் பிறகே சிவகாசிக்கு ஃபைலை அனுப்பினேன்.