முனிர்க்காவில் ஓர் ஆப்கானியக் குடும்பம்: வீட்டுக்காரர் கையெழுத்துக்கு உள்ள வேலை

2021 ஜூலையில், தாலிபான்கள் மாவட்டம் மாவட்டமாகப் பிடித்துக்கொண்டு காபூலை நெருங்கி வந்த நேரத்தில், என் கணவருடன் தில்லியில் படித்த ஆப்கானிய நண்பர் ஒருவர், தம் தாயாரின் இதய அறுவைச் சிகிச்சைக்காக, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முறையான விசாவில் வந்து, தில்லியின் முனிர்க்காவில் உள்ள எங்கள் டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணைய) குடியிருப்பின் பின்னறையில் தங்கினார். சிகிச்சை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது. மறுநாளே பயணிகள் விமானங்களும் நின்றுபோயின. விருந்தினராக வந்தவர்கள் போக இடமில்லாதவர்களாகிவிட்டார்கள்.

அறையும் உணவும் கொடுப்பதில் எங்களுக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. இந்த முகவரியில் இன்னார் இருக்கிறார்கள் என்பதை அரசின் ஏடுகளில் ஒழுங்காக ஏற்றி, அது காலாவதியாகாமல் காப்பதுதான் உண்மையான உழைப்பாக இருந்தது. இதே நிலையில் யாரேனும் இருந்தால் உதவட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் தங்குபவரின் விவரங்களைத் தரும் படிவத்தை (அப்போது அதன் பெயர் ‘படிவம் சி’) நிரப்ப வேண்டும் என்ற விதி விடுதிகளுக்கு மட்டும் உரியதென்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், தனி வீடுகளுக்கும் அது பொருந்தும். அவர்கள் வந்த அன்றே நாங்கள் அதைச் செய்து, அச்சிட்ட படியைக் கோப்பில் வைத்திருந்தோம். பின்னர் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்தபோது, வசிப்பிடச் சான்றாக அந்தப் படியும், வீட்டுக்காரரின் கடிதமும், மின் கட்டண ரசீதும்தான் கைகொடுத்தன. ரசீது மறைந்த என் மாமனார் பெயரில் இருந்ததால், இறப்புச் சான்றையும் என் மாமியாரின் கையெழுத்திட்ட கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். ஆக, அரசுக் காகிதத்தின்படி அந்தக் குடும்பத்துக்கு இடம் கொடுத்தவர் எண்பது வயதைத் தாண்டிய கும்பகோணத்துப் பாட்டி!

காவல் நிலையத்துக்கும் நாங்களாகவே போய்ச் சொன்னோம். தொலைக்காட்சியில் காபூல் விமான நிலையக் கூட்டத்தைக் காட்டத் தொடங்கிய பிறகு, குடியிருப்பில் சிலருக்கு எங்கள் பின்னறையின் மேல் ஒரு கண் விழுந்திருந்தது. படிவத்தின் நகலோடு போனபோது எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு காவலர் வந்து கடவுச்சீட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனார். யாரோ புகார் கொடுத்து அவர்கள் வந்து கதவைத் தட்டியிருந்தால், அதே கேள்விகள் வேறு குரலில் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்றதும் நமக்கு மண்டபம் முகாம் நினைவுக்கு வரும்; இலங்கைத் தமிழர்களின் பதிவும் உதவியும் அரசின் பொறுப்பில் உள்ளவை. ஆப்கானியருக்கு அப்படியொரு முகாமோ உதவித்தொகையோ கிடையாது. அவர்கள் வசந்த் விஹாரில் உள்ள ஐ.நா. அகதிகள் ஆணைய அலுவலகத்தில் பதிந்து, விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதற்கான சான்றைப் பெற்று, நேர்காணலுக்குப் பிறகு அகதி என ஏற்கப்பட்டால் அட்டை பெற வேண்டும். அந்த ஆகஸ்ட் கடைசியில் அலுவலகத்தின் முன் ஆப்கானியர்கள் கூடிப் போராடிக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுகளாகத் தில்லியில் இருந்தும் முடிவு தெரியாதவர்கள் அவர்களுள் இருந்தனர். அதைப் பார்த்துவிட்டு வந்த நண்பர் அன்று இரவு சாப்பிடவில்லை.

நேர்காணலில் எங்களுக்கு வேலையில்லை. ஆனால் அதற்கு முன்பு, எங்கே எந்த ஆண்டு வேலை செய்தார், மிரட்டல் எப்போது எவர் வழியாக வந்தது என்பதையெல்லாம் நண்பரும் அவர் மனைவியும் தனித்தனியே நினைவுகூர்ந்து எழுதிப் பார்க்க உட்கார வைத்தோம். ஆப்கானிய நாட்காட்டியில் சொல்லும் தேதிகளை நம் தேதிக்கு மாற்றுவதே ஒரு வேலை, ஏனெனில் அவர்களின் ஆண்டு மார்ச்சில் பிறக்கிறது. இதற்கிடையே, முன்பு கொடுத்த விசாக்கள் இந்தியாவுக்கு வெளியே இருக்கும் ஆப்கானியருக்குச் செல்லாது, இனி மின்-விசா மட்டுமே என்று ஆகஸ்ட் 25 அன்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. நண்பரின் தம்பி காபூலில் விசா ஒட்டிய கடவுச்சீட்டோடு காத்திருந்தார். அது அன்றோடு பயனற்றுப் போனது.

சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இறைச்சி புழங்கியதில்லை. மாமியார் அதில் விட்டுக்கொடுக்கவும் இல்லை, விருந்தாளிகளைக் கட்டுப்படுத்தவும் விரும்பவில்லை. முகவரிச் சான்று கேட்காமல் விற்கும் 5 கிலோ சிலிண்டர் ஒன்றை வாங்கிப் பின்பக்க பால்கனியில் அடுப்பு போட்டுக் கொடுத்தோம். பிறகு, காரட்டும் உலர்திராட்சையும் போட்ட அவர்கள் புலாவை இறைச்சி இல்லாமல் செய்யச் சொல்லி மாமியாரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பள்ளிச் சேர்க்கை இழுத்தடித்தது. முதலில் போன பள்ளியில் ஆதார் இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வயதுச் சான்று இல்லையென்று இடம் மறுக்கக் கூடாது, மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் தடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவுகளை அச்சிட்டு, ஐ.நா. சான்றின் நகலோடு இன்னொரு பள்ளியில் கொடுத்தோம். மகனைச் சேர்த்துக்கொண்டார்கள், பதினைந்து வயதான மகளுக்குச் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு இல்லாததால், அவள் வீட்டிலிருந்தபடியே இந்தியும் ஆங்கிலமும் படித்தாள்.

ஐ.நா. அகதி அட்டை வந்த பிறகும் முறையான வேலைக்கு அது உரிமை தரவில்லை. ஆப்கானியர் கடைகளும் ரொட்டி அடுப்புகளும் உள்ள, தில்லியின் போகல் பகுதியில் ஒரு கடையின் கணக்கு வேலை வாய்மொழியாகக் கிடைத்ததும், அங்கேயே வாடகைக்குக் குடிபோக நண்பர் முடிவு செய்தார். வீட்டுக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார். வாடகைதாரர் விவரங்களைக் காவல்துறைக்குத் தரும் படிவத்தில், அறிந்தவர் என்ற இடத்தில் என் கணவரின் பெயரையும் முனிர்க்கா முகவரியையும் எழுதிக் கொடுத்தோம். விசா நீட்டிப்புக்கான வசிப்பிடச் சான்றை இப்போது புது வீட்டுக்காரரிடம்தான் வாங்க வேண்டும்; அவர் கடிதம் தரத் தயங்கும்போதெல்லாம் என் கணவர் போகலுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார்.