வலியில்லாத மார்பும் ஒரு வெந்நீர்ப் பையும்

குன்னூரில் இயன்முறை மருத்துவராக இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இதய அறுவைச் சிகிச்சையைக் கோயம்புத்தூரில் செய்துகொண்டு, மார்போடு ஒரு தலையணையை அணைத்தபடி மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே வருகிறவர்கள்தான் பெரும்பாலும் என் அறைக்கு வருகிறார்கள். அவர்கள் கதவருகே நிற்கும்போதே வலியின் அளவு எனக்குத் தெரிந்துவிடும். தோள்கள் முன்னால் குவிந்திருக்கும். மூச்சு கழுத்துக்குக் கீழே இறங்காது. இருமல் வந்தால் அதைத் தொண்டையிலேயே விழுங்கிவிடுவார்கள். அப்படி விழுங்கப்படும் இருமல்தான் எனக்குப் பகை. சளி வெளியேறாமல் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் காய்ச்சல் வந்துவிட்டால், நன்றாக முடிந்த அறுவைச் சிகிச்சையின் பலனும் அங்கே தேங்கிவிடும்.

ஆகவே வலியைக் குறைப்பது என்பது என் தொழிலில் இரக்கம் சார்ந்த விஷயம் மட்டும் அன்று. மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியில் முதல் பந்தை எழுப்ப விநாடிக்கு 600 மில்லிலிட்டர் வேகத்தில் காற்றை இழுக்க வேண்டும். மூன்றாவதற்கு 1200 வேண்டும். விலா வலிக்கிறவருக்கு முதல் பந்தே மலை. மார்ஃபின் போன்ற மருந்துகள் வலியை அடக்கும். ஆனால் தூக்கக் கலக்கம், மலச்சிக்கல், குமட்டல், அளவு மிஞ்சினால் மூச்சே மந்தமாகிவிடும் ஆபத்து ஆகியவற்றையும் கூட்டிக்கொண்டு வரும்.

இந்த இடத்தில்தான் நரம்பை உறையவைக்கும் முறை பயன்படுகிறது. குளிர் வலியை மரக்கச் செய்யும் என்பது பழைய அறிவு. 1976இல் இங்கிலாந்து மருத்துவர்கள் நரம்பை நேரடியாக உறையவைத்து வலி போக்கும் முறையை விவரித்து அதற்குத் தனிப் பெயரும் சூட்டினார்கள். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும், இரத்தக் குழாய்களோடு சேர்ந்து ஒரு நரம்பு ஓடுகிறது. மார்பைத் திறந்திருக்கும் நேரத்திலேயே, நைட்ரஸ் ஆக்சைடு வாயு விரிவடைவதால் குளிரும் ஒரு கருவியின் நுனியை அந்த நரம்பின்மேல் வைத்து, சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 60 முதல் 70 பாகை வரையுள்ள குளிரில் இரண்டு நிமிடம் பிடிக்கிறார்கள். நரம்பின் உள்ளிழைகள் அந்த இடத்துக்கு அப்பால் அழிந்துவிடுகின்றன. அவற்றைச் சுற்றியிருக்கும் உறைகள் குலையாமல் நிற்கின்றன. அந்த உறைகளே வழிகாட்ட, இழைகள் நாளொன்றுக்கு ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை மறுபடியும் வளர்ந்து வருகின்றன. பலன் உடனே முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதால் முதல் நாளில் வேறு மருந்துகளும் தேவைப்படும். வயிற்றுத் தசைகளுக்கும் கிளை தரும் கீழ் விலா நரம்புகளைத் தொடாமல் விட்டுவிடுவார்கள்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொள்ளக் காரணம் கோத்தகிரியைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். எஸ்டேட் பள்ளியில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவர். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் மூச்சுத்திணறல் முற்றி, அங்கேயே இதயத்தின் மைட்ரல் வால்வைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. நடு மார்பெலும்பைப் பிளக்காமல், வலப்பக்க விலாக்களின் இடைவெளி வழியாகச் செய்திருந்தார்கள். வெட்டு சிறியதுதான், ஆனால் விலாவிடுக்குக் காயம் முதல் நாள்களில் கடுமையாக வலிக்கும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாளே தாம் வார்டில் நடந்ததாகவும், “பக்கத்துக் கட்டில்காரர் எல்லாம் முனகுறாங்க, நான் டீ கேக்கறேன்” என்றும் டீச்சர் பெருமையாகச் சொன்னார்.

அறுவைச் சிகிச்சை நடந்து ஏழு வாரம் கழித்து, டிசம்பர் நடுவில் என்னிடம் வந்தார். நிமிர்ந்து நடந்து வந்தார். மூன்று பந்துகளையும் எழுப்பினார். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த சுருக்கக் குறிப்பில் விலா நரம்புகளை உறையவைத்தது பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அதை முடிந்துபோன வலி மருந்துக் கணக்காக எண்ணிக்கொண்டு நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அது என் தவறு. வேறு யார்மேலும் சுமத்த முடியாது. தோள் அசைவை அளந்தேன், நடையை அளந்தேன். மார்பில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு பஞ்சை எடுத்துத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் டீச்சர் மறுபடி வந்தபோது, வலப்பக்க மார்பின் கீழே உள்ளாடை அழுத்தி ஏதோ ஒவ்வாமை வந்திருக்கிறது என்றார். பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவே இரண்டு கொப்புளங்கள். சிவப்பின்மேல் வரி வரியாகத் தடம். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் உறைபனி விழுகிற மாதத்தில் கோத்தகிரியிலும் குளிருக்குப் பஞ்சமில்லை. அவர் இரவில் வெந்நீர்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். ரப்பர்ப் பையின் வரிகள் தோலில் அப்படியே பதிந்திருந்தன.

“சுடவே இல்லையேம்மா,” என்றார்.

தீக்காயத்துக்கு மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. அதற்கு முன்பாக அன்றே பஞ்சையும், குழாய்த் தண்ணீரில் முக்கியெடுத்த எவர்சில்வர் கரண்டியையும் கொண்டு உணர்ச்சியைச் சோதித்தேன். குன்னூரில் ஜனவரிக் குழாய்த் தண்ணீருக்குத் தனியாகப் பனிக்கட்டி தேவையில்லை. அக்குளுக்குக் கீழிருந்து மார்பின் முன்பக்கம் வரை ஒரு பட்டையில் அவருக்குத் தொடுகையும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. பேனாவால் அதன் எல்லையை வரைந்து, அட்டையில் பதிந்துகொண்டேன். இத்தனை ஆண்டுகளாக வலியை நான் எதிராளியாகவே நடத்தி வந்திருக்கிறேன். ஆனால் “இவ்வளவுக்குமேல் தூக்காதே, இந்தச் சூடு ஆகாது” என்று நோயாளிக்கு இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்த வலிதான். அதை எடுத்துவிட்டால் அது பார்த்த வேலையை யாராவது பார்த்தாக வேண்டும். டிசம்பரில் அதை நான் பார்த்திருக்க வேண்டும்.

உறைபனியில் கருகிய தேயிலைச் செடி, அடிக்கட்டை உயிரோடு இருப்பதால் மறுபடி துளிர்ப்பது போலத்தான் இதுவும் என்று டீச்சருக்கு விளக்கினேன். “அப்படின்னா ரெண்டு மாசத்துல வந்திருக்கணுமே?” என்று திருப்பிக் கேட்டார். கேள்வி சரியானது, என் உவமைதான் சரியில்லை. தேயிலை பக்கத்து மொட்டிலிருந்து துளிர்த்துவிடும். நரம்பிழையோ உறையவைத்த இடத்திலிருந்து, அதாவது முதுகுப் பக்கத்து விலாவிலிருந்து, மார்பின் முன்புறம் வரை முழு வழியும் நடந்து வர வேண்டும். 20 சென்டிமீட்டர் தூரம், நாளைக்கு 2 மில்லிமீட்டர் என்றால் 100 நாள்; வளர்ச்சி மெதுவாக இருந்தால் 200 நாள். கணக்கு டீச்சருக்குப் பிடித்துவிட்டது. அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லையை வரையும்போதெல்லாம் எத்தனை மில்லிமீட்டர் சுருங்கியிருக்கிறது என்று கேட்டு, தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி இறுதியில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சியும் அரிப்பும் தொடங்கின. சேலைத் தலைப்பு உரசினால்கூடச் சுருக்கென்றது. சிலருக்கு இந்தக் கட்டம் நீடித்து நரம்பு வலியாகவே நின்றுவிடுவதுண்டு. அதற்குத் தனி மருந்து வேண்டியிருக்கும். டீச்சருக்கு அது ஐந்து வாரத்தில் தணிந்தது. இதற்காக இந்தச் சிகிச்சையையே குறைசொல்ல மாட்டேன். விலாவைப் பிடித்துக்கொண்டு இருமலை விழுங்குகிற ஒருவருக்கு இது கிடைக்குமானால் நானே பரிந்துரைப்பேன். இப்போது மார்பு அறுவைச் சிகிச்சை முடிந்து யார் வந்தாலும், மூச்சுக் கருவியை எடுப்பதற்கு முன் பஞ்சையும் கரண்டியையும் எடுக்கிறேன். வெந்நீர்ப் பை, கரி அடுப்பு, ஒத்தடம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே கேட்கிறேன். பொதுவாகச் “சூடு படாமல் பாருங்கள்” என்றால் யாரும் வெந்நீர்ப் பையை நினைப்பதில்லை.

ஏப்ரலில் வரைந்த எல்லை ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெந்நீர்ப் பை இப்போது துணி சுற்றப்பட்டுக் கால்மாட்டில் இருக்கிறதாம். மீதியுள்ள இடத்தை மே மாதம் மறுபடி அளக்க வேண்டும்.