காரவன் தரை உக்கினால் கராஜுக்கு ஓடாதீர்கள்

சிலிக்கன் அடித்த கராஜில் இருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் காசும் பொறுமையும் கரையத் தொடங்கியது அங்கேதான்.

காரவன், அதாவது சில்லில் ஓடும் வீடு, என் மச்சானுடையது. அமெரிக்கத் தயாரிப்பு, கைமாறிக் கைமாறி வந்தது. திருகோணமலை நிலாவெளியில் வளவுக்குள் நிறுத்தி, மே தொடக்கம் செப்டெம்பர் வரை புறாத்தீவு பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அவர் இருப்பது கட்டாரில், அதனால் அதன் நல்லது கெட்டது எல்லாம் என் தலையில். போன மாரி முடிந்து உள்ளே கூட்டித் துடைக்க வந்த அக்காதான் முதலில் சொன்னார், ஸ்லைட்-அவுட்டின் (அறையைப் பெரிதாக்கப் பக்கச் சுவரில் இருந்து வெளியே தள்ளுகிற பெட்டி) வெளி மூலையில், கட்டில் காலுக்குப் பக்கத்தில் தரை அமுங்குது என்று. குனிந்து முகர்ந்தால் ஈரச் சாக்கு மணம்.

கராஜ்காரர் வந்தார், மேலே ஏறிப் பார்த்தார், இறங்கினார். "மேலால தண்ணி இறங்குது அண்ணை. சுத்தி சீல் பண்ணினா சரி." தரையைத் திறந்து பார்ப்போமா என்று கேட்டேன். அதெல்லாம் தேவையில்லையாம். மேல் விளிம்பு, இரண்டு பக்கம், போதாக்குறைக்குக் கீழ் விளிம்பு என்று நாலு பக்கமும் வெள்ளைச் சிலிக்கனை இழுத்து விரலால் தடவிவிட்டுப் போனார். பில்லைப் பார்த்தால் தங்கத்தைத் தடவியிருப்பார் போலிருந்தது.

சித்திரை இடிமழை இரண்டு பெய்ததும் அமுக்கம் ஒரு சாண் இடத்தில் இருந்து கட்டிலின் பாதி வரைக்கும் போய்விட்டது. கீழ் விளிம்பின் அலுமினியப் பட்டியை நானே கழற்றினேன். தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர் மணிக்கட்டு வழியே முழங்கை வரை வடிந்தது. பிளைவுட்டில் ஸ்குரூட்ரைவரை வைத்து இலேசாக அமத்த, பிடி வரைக்கும் இறங்கியது. கராஜுக்கு போன் எடுத்தால் பதில்: "அது பழைய தண்ணி அண்ணை, இனிப் புதுத்தண்ணி வராது."

இந்த இடத்தில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு அது யாரும் சொல்லாததால் வந்த செலவு. ஸ்லைட்-அவுட் தரைக்குத் தண்ணீர் பெரும்பாலும் கூரையால் வருவதில்லை. வெளிச்சுவரில் வழிகிற மழை கீழ் விளிம்புக்கு வந்ததும் சொட்டாக விழாமல், விளிம்பைச் சுற்றி மடங்கி அடிப்பக்கம் ஓடும். அங்கேதான் பிளைவுட்டின் வெட்டுமுகம் இருக்கிறது. பலகையின் முகப்பக்கத்தை விட வெட்டுமுகம் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். அடியில் கறுப்பு நெசவுப் பிளாஸ்டிக் உறை ஒன்று சுற்றியிருப்பார்கள். பெட்டி போய்வருகிற ரோலர் உரசி அது ஓர் இடத்தில் கிழிந்தால் போதும், உள்ளே போன ஈரம் வெளியே வரக் கீழ் விளிம்பை விட்டால் வேறு வழியில்லை. கீழ் விளிம்பைச் சிலிக்கனால் அடைப்பது இருக்கிற ஒரே வாசலையும் பூட்டுகிற வேலை. மேலே அடையுங்கள், பக்கத்தில் அடையுங்கள், கீழே மட்டும் தண்ணீர் வெளியேற வழி விடுங்கள்.

இன்னொன்று, ஒருதரம் சிலிக்கன் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, வேறு சீலன்ட் ஒட்டாது, புதுச் சிலிக்கனே ஒழுங்காக ஒட்டாது. அதைச் சுரண்டி எடுத்த வேலைதான் முழுத் திருத்தத்திலும் ஆகக் கேவலமானது. உலோகத் தகடு வைத்தால் சுவரில் கீறல் விழும். பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை வெட்டிக் கூராக்கிச் சுரண்டினோம். விரல் நுனி எல்லாம் போனது.

இன்சூரன்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. படிவத்தில் "விபத்து நடந்த திகதி, நேரம், இடம்" என்று ஒரு கட்டம். மழைத்தண்ணீர் மாதக்கணக்காக ஊறியதற்கு என்ன நேரம் போடுவது? கவுன்டரில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன். "திகதி இல்லாட்டி எடுக்க ஏலாது, சேர்." சரி, மழை பெய்த ஒரு நாளைப் போடவா என்றால், "அப்பிடிப் போட்டா பொய்த் தகவல், சேர்." பிறகு உள்ளே இருந்து ஓர் அதிகாரி வந்து, படிப்படியாக ஏற்படும் தேய்மானமும் உக்கலும் பொலிசியில் விலக்கு என்று ஒரு வரியைக் காட்டினார். வரி இருக்கிறது, சிறிய எழுத்தில். அதை முதல் நாளே காட்டியிருந்தால் அந்த வெயிலில் போட்டோக்கொப்பிக் கடைக்கும் கந்தோருக்கும் நடந்திருக்க வேண்டியதில்லை. மரம் விழுந்தது, வாகனம் இடித்தது போன்றது என்றால் கேளுங்கள். ஊறி உக்கியது என்றால் அந்தப் பக்கம் போய் நேரத்தைக் கெடுக்காதீர்கள்.

அடுத்தது பலகை. டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் "மரைன் பிளை", அதாவது படகுக்குப் போடுகிற பிளைவுட், என்று ஒன்று தந்தார்கள், விலையும் மரைன் விலைதான். எனக்கு ஏதோ ஒரு சந்தேகம். வெட்டும்போது விழுந்த துண்டொன்றைச் சட்டியில் போட்டு அடுப்பில் கொதிக்க வைத்தேன். மனைவி குசினி வாசலில் நின்று பேசியதை இங்கே எழுத முடியாது. ஒரு மணித்தியாலம் போவதற்குள் துண்டு ஓரத்தில் இதழ் இதழாக விரியத் தொடங்கிவிட்டது. கொதிதண்ணீரைத் தாங்கும் பசை என்றால் அப்படிப் பிரியக் கூடாது. துண்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், "வெட்டின பலகை திருப்பி எடுக்கிறேல்ல." வெட்டாமல் எப்படிக் கொதிக்க வைப்பது என்று கேட்டேன். முதலாளி சிரித்தார், காசு தரவில்லை.

ஆகவே வாங்குமுன் கடையில் கிடக்கிற கழிவுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொதிக்க வையுங்கள். பலகையில் பி.எஸ். 1088 என்ற மரைன் பிளைக்கான பிரித்தானியத் தர முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தாலும் பலகை உக்காது என்று நினைக்க வேண்டாம். பசை விடாது, நடுவில் ஓட்டை இல்லாத அடுக்கு, அவ்வளவுதான். வெட்டுமுகத்தை மூடாவிட்டால் அதுவும் ஒரு நாள் உக்கும். தடிப்பையும் கவனியுங்கள். எங்கள் பழைய தரை முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீற்றர். கடையில் கிடைப்பது 18. ஒரு மில்லிமீற்றர்தானே என்று விட்டால் ரப்பர் சீல் அந்த இடத்தில் ஒழுங்காக அமத்தாது.

ரப்பர் என்றதும் கொழும்புப் பயணம் ஞாபகம் வருகிறது. ஸ்லைட்-அவுட்டுக்கு இரண்டு வகை ரப்பர்: பெட்டி போய்வரும்போது சுவரை வழிக்கிற நாக்கு மாதிரியான ஒன்று, முழுதாகத் திறந்தோ மூடியோ நிற்கும்போது நசுங்கி அடைக்கிற குழல் மாதிரியான ஒன்று. எங்களுடைய குழல் ரப்பர் வெடித்துக் காய்ந்திருந்தது. அங்கே பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றுக்குப் படம் அனுப்பி, அளவு அனுப்பி, "இருக்கு, வாங்க" என்று போனில் உறுதி வாங்கிக்கொண்டு, மாதிரித் துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு இரவு ரயில் ஏறினேன். விடியப் போய் நின்றால் கடைக்காரர் பஸ் கதவு ரப்பரைத் தூக்கிக் காட்டுகிறார். "இதுவும் ரப்பர்தான்." அடிப்பட்டியின் அகலம் வேறு, குழலின் உயரம் வேறு. இதைப் போட்டால் பெட்டி உள்ளே வரும்போது மோட்டர் திணறும் என்று சொன்னேன். கொஞ்சம் சீவிப் போடலாமாம். அன்று பின்னேரமே பஸ் ஏறிவிட்டேன். கடைசியில் கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பாவின் மகன் சூட்கேசுக்குள் சுருட்டி எடுத்துவந்தான். அங்கே இது சாதாரணக் கடைச் சாமானாம்.

இவ்வளவுக்கும் பிறகு வழி கிடைத்தது கிண்ணியாவில். 2009 இல் பாலம் திறந்ததில் இருந்து அங்கே போவது ஒரு வேலையே இல்லை, முன்பு பாதைக்கு (ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கிற மிதவைக்கு) காத்திருந்த காலம் வேறு. ஃபைபர் படகு திருத்துகிற நானா ஒருவரிடம் ரெசின், அதாவது பூசினால் இறுகுகிற பிசின், வாங்கலாம் என்று போனேன். உக்கின துண்டைக் காட்டினேன். திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஓரத்தைக் கிள்ளினார். "தம்பி, மேலால வந்த தண்ணின்டா மேல்முகம் கறுத்திருக்கும். இது கீழால ஏறியிருக்கு." கராஜ், ஹாட்வெயார், இன்சூரன்ஸ் என்று இத்தனை பேர் பார்த்ததில் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

தன்னிடம் இருந்த ரெசினை அவர் விற்கவில்லை. படகுக்குப் போடுகிற பொலியெஸ்டர் ரெசின் மரத்தில் நிலைத்து நிற்காது, கொஞ்சக் காலத்தில் தோலாக உரியும், எபொக்ஸிதான் எடுக்க வேண்டும் என்றார். அது கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பிறகு தன் பட்டறை நிழலிலேயே எனக்கு வேலை பழக்கினார்.

முதல் பூச்சுத் தண்ணியாக, வெட்டுமுகம் குடிக்கிற மட்டும் கொடுக்க வேண்டும். குடித்து முடிந்த பிறகுதான் தடித்த பூச்சு. நான் காலையில் பூசத் தொடங்கியதைக் கண்டு கையைப் பிடித்து நிறுத்தினார். வெயில் ஏற ஏறப் பலகைக்குள் இருக்கிற காற்று விரிந்து வெளியே வரும், பூச்சு முழுக்கக் கொப்புளம். பின்னேரம் பலகை குளிர்ந்துகொண்டு போகிற நேரத்தில் பூசினால், உள்ளே சுருங்குகிற காற்று பூச்சையும் சேர்த்து இழுக்கும். சொன்ன மாதிரியே, காலையில் பூசிய ஒரு சாண் நீளம் அம்மை போட்ட முகமாக நின்றது, பின்னேரம் பூசியது கண்ணாடி. நம் வெக்கைக்குக் கலந்த எபொக்ஸியைக் கோப்பையில் வைத்திருந்தால் சூடேறிப் புகைக்கும், தட்டையான தட்டில் ஊற்றிவிடுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் காய்ந்த பூச்சின் மேல் மெழுகு மாதிரி ஒரு படை வரும். அடுத்த பூச்சுக்கு முன் அதை வெறும் தண்ணீரால் துடைக்காவிட்டால் மேல்பூச்சு பிடிக்காது. பூச்சின் தடிப்பு, அந்தக் குறைந்த ஒரு மில்லிமீற்றரையும் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிட்டது, அது நான் எதிர்பார்க்காத இலாபம்.

ஆணித்துளைகளுக்கும் அவர் முறைதான். துளையைப் பெரிதாகத் துளைத்து, எபொக்ஸியால் நிரப்பி, காய்ந்ததும் அதன் நடுவில் மறுபடி சின்னதாகத் துளைப்பது. திருகாணி இரும்பும் தண்ணீரும் மரத்தைத் தொடாது. ஆணி 316 தரத் துருவேறா உருக்காக இருக்கட்டும், 304 கூடக் கடற்கரையில் மஞ்சள் போடும். கடைக்குக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள், பலமாக ஒட்டினால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பூட்டியது நானாவுக்குத் தெரிந்த ஓடாவி (தச்சர்). பெட்டிக்கு அடியில் ஜக் கொடுத்துத் தாங்காமல் யாரும் தரையைக் கழற்றிவிடாதீர்கள், சுவர் நிற்பதே அதன் மேல்தான். உக்கின வெளிப்பக்கத்தை மட்டும் வெட்டி, புதுப்பலகையை அரைவாசித் தடிப்பில் ஒன்றன்மேல் ஒன்று படிய இணைத்து ஒட்டினார். கறுப்பு உறையையும் மாற்றினோம். கீழ் விளிம்பில் அலுமினிய எல்-பட்டி ஒன்றை, பியூட்டைல் டேப் என்கிற ஒட்டும் ரப்பர் நாடாவின் மேல் வைத்து, ஒரு விரற்கடை கீழே நீட்டிக்கொண்டிருக்கும்படி பூட்டினோம். தண்ணீர் அந்த நுனியில் சொட்டி நிலத்தில் விழுகிறது. முதல் மழைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தியிருந்து பார்த்தேன், அயல் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

இந்த மாரிக்கு ஸ்லைட்-அவுட்டை உள்ளே இழுத்தே வைத்திருக்கிறோம், ஐப்பசி மழை பிடிக்க முன்னமே. இழுக்குமுன் அதன் கூரையில் கிடக்கிற வேப்பஞ்சருகையும் மணலையும் கூட்டித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஈரத்தோடு உள்ளே வரும். திறந்து வைக்கிற நாட்களில் ஒரு சுற்று நடந்து நாக்கு ரப்பர் முழுக்க வெளிப்பக்கம் படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஓர் இடத்தில் உள்ளே மடிந்திருந்தாலும் அது தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போகும். ரப்பரை நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் பேபி பவுடர் தடவுகிறேன். கராஜ் பெடியன் கிறீஸ் பூச வந்தான், விரட்டிவிட்டேன். பெற்றோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும்.

ஈரம் பார்க்க இரண்டு ஊசி உள்ள மீட்டர் ஒன்று வாங்கினேன், கராஜ் பில்லோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. நம் கடலோரக் காற்றில் நன்றாகக் காய்ந்த பலகையே 14, 15 வீதம் காட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். 20 ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு விருந்து. மார்கழி மழைக்குப் பிறகு குத்திப் பார்த்ததில் மூன்று மூலை 15 க்குள், முன்பக்க மூலை மட்டும் 17. அங்கே புது உறை ரோலரில் உரசுகிற மாதிரித் தெரிகிறது, மழை விட்டதும் ஓடாவியைக் கூப்பிட இருக்கிறேன். திருகோணமலைக்குள் யாருக்காவது மீட்டர் தேவையென்றால் கேளுங்கள், தரலாம். ஊசியை முறிக்காமல் திருப்பித் தந்தால் சரி.