கோல்ட் பேசினில் விண்கல் தேடல்: புள்ளிகளிலிருந்து பழைய மண் வரை

அரிசோனாவில் விண்கல் தேட நினைக்கிறவர்கள் முதலில் திறப்பது விண்கல் ஆய்வாளர்களின் சங்கமான மெட்டியரிட்டிக்கல் சொசைட்டியின் தரவுத்தளத்தைத்தான். பெயர், விழுந்ததை யாராவது பார்த்தார்களா அல்லது பின்னால் கண்டெடுத்ததா, ஆண்டு, மொத்த எடை, வகை, அட்சரேகை, தீர்க்கரேகை என எல்லாம் அதில் இருக்கும். நான் இருப்பது ஃபீனிக்ஸ் பக்கம். காரில் போய்வரக்கூடிய தூரத்தில் ஹால்புரூக், ஃபிராங்கோனியா, கோல்ட் பேசின் என்று மூன்று பெயர்கள் கிடைத்தன.

மனசு முதலில் போனது ஹால்புரூக்குக்கு. 1912 ஜூலை 19 அன்று மாலை, ரயில் பாதையோரம் ஆஸ்டெக் என்ற சின்ன நிறுத்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கற்கள் விழுந்தன. மொத்த எடை 200 கிலோவைத் தாண்டும். ஆனால் அங்கே தனியார் நிலமும் மாநில நிலமும் கலந்து கிடக்கின்றன, அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. சரி, அது பிறகு என்று ஒதுக்கி வைத்தேன்.

கோல்ட் பேசினில் பெரும்பகுதி கூட்டரசின் நில மேலாண்மைத் துறையான பிஎல்எம் வசம் இருக்கிறது. சொந்தச் சேகரிப்புக்கு ஒருவர் ஆண்டுக்கு 10 பவுண்டு வரை விண்கல் எடுத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. வடக்கே லேக் மீட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதிக்குள் எதையும் எடுக்கக் கூடாது. அந்த எல்லைக்கோட்டை ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொள்வதுதான் நான் செய்த முதல் வேலை. தங்கம் எடுக்க உரிமை பதிவான இடங்களையும் குறித்துக்கொண்டு அவற்றை விட்டு விலகியே நடந்தேன்.

இந்த இடம் தெரியவந்த கதையை ஊன்றிப் படித்தது பெரிய உதவியாக இருந்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஜிம் கிரீக், 1995இல் மெட்டல் டிடெக்டரோடு தங்கம் தேடிக்கொண்டிருந்தபோது எடுத்த பழுப்புக் கற்கள்தான் தொடக்கம். அவரும் நண்பர்களும் கிடைத்த ஒவ்வொரு கல்லுக்கும் இடம் குறித்து வைத்தார்கள், ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. எல்4 வகைக் காண்ட்ரைட், அதாவது உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் கொண்ட கல் விண்கல். விழுந்து ஏறக்குறைய 15,000 ஆண்டுகள் ஆகின்றன. சிதறிய பரப்பு 200 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

தரவுத்தளம் இவ்வளவு பெரிய பரப்புக்குக் கொடுப்பது ஒரே ஒரு புள்ளி. அங்கே போய் நின்றால் மற்ற இடங்களைவிட அதிகம் கிடைக்கும் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. அதனால் ஆய்வுக் கட்டுரைகளில் இருந்த படங்களைப் பார்த்து, கண்டெடுத்த இடங்களைத் தோராயமாகக் கூகுள் எர்த்தில் ஏற்றினேன். ஒன்று பளிச்சென்று புரிந்தது. முதலில் தேடியவர்கள் தங்கத்துக்காக வந்தவர்கள், அவர்கள் போனது தங்கம் இருக்கக்கூடிய சரளைப் பகுதிகளுக்கு, வண்டி போகும் மண்பாதைகளுக்குப் பக்கத்தில். புள்ளிகள் அடர்ந்திருக்கும் இடத்தில் கல் அதிகம் என்பதைவிட, அங்கே ஆள் அதிகம் நடந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு புள்ளிக்கூட்டங்களுக்கு நடுவே காலியாகத் தெரியும் இடம், கல் இல்லாத இடமாக இருக்கலாம். யாரும் போகாத இடமாகவும் இருக்கலாம்.

அந்தக் காலி இடங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? இதற்கு வழிகாட்டியது மண்ணின் வயது. கல் விழுந்து 15,000 ஆண்டு ஆகிறது என்றால், தரையும் அதைவிடப் பழையதாக இருக்க வேண்டும். அரிசோனா புவியியல் துறையின் வரைபடங்களில் வண்டல் படிவுகளைப் பழையது, நடுத்தரம், புதியது என்று பிரித்திருக்கிறார்கள். மணல் ஓடைகளும் அவற்றை ஒட்டிய தாழ்வான திட்டுகளும் புதியவை. அங்கே விழுந்திருந்தால் வெள்ளம் அடித்துப் போயிருக்கும், இல்லை ஆழமாகப் புதைந்திருக்கும். ஓடைகளுக்கு மேலே தட்டையாக நிற்கும் பழைய சரளை மேடுகள்தான் நமக்கு வேண்டியவை. செயற்கைக்கோள் படத்திலும் பிரித்தறியலாம்: வெயிலில் கறுத்த கற்கள் நெருங்கிக் கிடப்பதால் பழைய மேடு அடர்நிறமாகத் தெரியும், புதிய மணல் வெளிறியிருக்கும். மூன்றையும், அதாவது புள்ளிகள், நில உரிமை, மண்ணின் வயது, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரு நீளமான மேடு மிஞ்சியது.

ஜோஷுவா மரங்களுக்கு நடுவே அந்த மேட்டில் குளிர்காலம் முழுக்க, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் நடந்தேன். கோடையில் அந்தப் பக்கம் போகவே கூடாது. டிடெக்டரில் வந்தவற்றில் முக்கால்வாசி பழைய ஆணி, தோட்டா, அப்புறம் இரும்புச்சத்து மிகுந்த கறுப்புக் கற்கள்.

ஒரு சத்தம் மட்டும் மென்மையாக, தெளிவாக வந்தது. காலணியால் மேல்மண்ணை ஒதுக்கினேன், விரல் ஆழம்கூட இல்லை. பேரீச்சம்பழம் அளவில் ஒரு கல். மேல்பக்கம் துருவேறிய பழுப்பு, ஓரங்கள் மழுங்கியிருந்தன. மண்ணுக்குள் இருந்த அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த அளவுக்கு எதிர்பார்ப்பதைவிடக் கை கனத்தது. பலம் வாய்ந்த காந்தத்தை ஒட்டவிட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு, நான் அதைச் செய்வதில்லை. கல் விண்வெளியிலிருந்து சுமந்து வந்த காந்தப் பதிவு அதனால் அழிந்துவிடும், ஆய்வாளர்களுக்கு அது பெரிய இழப்பு. வீட்டில் வைர அரத்தால் ஒரு மூலையை மட்டும் லேசாகத் தேய்த்தேன். பழுப்புக்குள் வெள்ளி நிறத்தில் உலோகப் பொட்டுகள் மின்னின. பக்கத்தில் உருண்டை உருண்டையாகக் காண்ட்ரூல்கள். சூரியக் குடும்பம் உருவான காலத்துத் துளிகள் அவை. அன்று இரவு லென்ஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

எடுப்பதற்கு முன்பே கிடந்தபடி படம், ஜிபிஎஸ் இடம், ஆழம் மூன்றும் எழுதிவிட்டேன். இதே பரப்பில் கோல்ட் பேசினைச் சேராத வேறு விண்கற்களும் கிடைத்திருக்கின்றன, ஹுவாலபாய் வாஷ் என்ற பெயரில் எண்ணிட்டுப் பதிவானவை அப்படிப்பட்டவை. ஆகவே ‘இங்கே கிடைத்தது, இதுவாகத்தான் இருக்கும்’ என்று சீட்டு எழுத எனக்கு மனமில்லை. வகைப்படுத்தும் ஆய்வகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்லில் 20 சதவீதம் அல்லது 20 கிராம், எது குறைவோ அதைக் கொடுக்க வேண்டும், சந்தோஷமாகக் கொடுப்பேன்.

நடந்த பாதைகளையும் இப்போது சேமித்து வைக்கிறேன், எதுவும் கிடைக்காத நாட்களின் பாதை உட்பட. பழைய பதிவுகளில் எனக்குக் கிடைக்காமல் போனது இந்த விவரம்தான். அந்த மேட்டின் தென்பாதி இன்னும் பாக்கி இருக்கிறது, நவம்பரில் அங்கே தொடங்குகிறேன்.