சுருட்டுப் பெட்டி கிற்றார்: யூலை மாத நாட்குறிப்பு

யூலை 3

பெட்டி வெறுமையாகிவிட்டது. அதிலிருந்த பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் பழைய மருந்துத் துண்டுகளும் அம்மாவுடன் கொழும்புக்குப் போய்விட்டன. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கைவிட்டுப் போகும்வரை அங்கே வேலை செய்த அம்மப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த சுருட்டுப் பெட்டி இது. திறந்தால் இன்னும் அந்த மரத்தின் மணம் வருகிறது. சுருட்டுப் பெட்டிகளுக்கு அதிகம் பயன்பட்ட செட்ரலா மரம் தேவதாரு இனம் அன்று. வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. மூடியின் தடிப்பு நான்கு மில்லிமீற்றர்தான். அதைத் தட்டும்போது எழும் ஒலியைக் கேட்ட பின்னர், இதை வெறும் பெட்டியாக வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் 1860களில் வரிச் சட்டங்கள் சுருட்டுகளைப் பெட்டியில் அடைத்து முத்திரை ஒட்டி விற்கச் செய்தன. நல்ல மரத்தாலான வெற்றுப் பெட்டிகள் அதன்பின் ஏழை வீடுகளிலும் கிடந்தன. எட்வின் ஃபோர்ப்ஸ் 1876இல் வெளியிட்ட செதுக்கோவியம் ஒன்றில், உள்நாட்டுப் போர் முகாமில் ஒரு சிப்பாய் சுருட்டுப் பெட்டியில் செய்த வயலினை வாசிக்கிறான். காத்திருப்பவர்களின் கைவேலை என்றே எனக்கு அந்தப் படம் தோன்றுகிறது.

யூலை 5

கிற்றாரின் தண்டுக்குச் சமண்டலை மரம் கிடைத்தது. கிண்ணியாவிலிருந்து வரும் தச்சர், நான் நானா என்று அழைக்கும் ஓடாவியார், தம் பட்டறையில் ஒரு பழைய படகுச் சட்டத்தின் மிச்சத்தை வைத்திருந்தார். “தங்கச்சி, இது காய்ந்து முடிந்த மரம், இனி உங்களுக்கு நெளியாது” என்றார். உலகச் சந்தையில் இம்மரத்துக்குத் திருகோணமலை மரம் என்றே பெயர். சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து இது போயிருக்கிறது. தென்னஞ்சாராயம் ஊறும் பெரிய பீப்பாக்களும் இதில்தான் செய்யப்பட்டன. அடிபட்டாலும் உடையாமல் வளைந்து நிமிரும் மரம் என்பதால், மூன்று தந்திகளின் இருபது கிலோவுக்கும் மேலான இழுவையை இது தாங்கும் என்று நம்புகிறேன். அகலம் 38 மில்லிமீற்றர், தடிப்பு 20. நரம்போட்டம் ஓரத்துக்கு ஓடாமல் தண்டின் நீளத்துக்கே நேராகச் செல்லும் பக்கத்தை நானாவே தேர்ந்து சீவிக் கொடுத்தார்.

யூலை 6

அழைப்பு வரவில்லை. மூடியைத் தட்டித் தட்டிக் கேட்டேன்.

யூலை 9

இன்று முழுவதும் ஒரே கேள்வி: தண்டு மூடியைத் தொடலாமா?

இவ்வகைக் கிற்றாரில் தண்டு பெட்டியின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளிவருகிறது. இழுவை முழுவதையும் அந்த ஒரே கட்டை தாங்குவதால், மெல்லிய பெட்டியின் மூலைகள் பிரியாமல் நிற்கின்றன. ஆனால் தந்தி தனியாக அசைக்கும் காற்று மிகக் குறைவு. அதன் அசைவு, தந்திகளைத் தாங்கி மூடியின் மேல் நிற்கும் குதிரை வழியாக மூடிக்கு இறங்கி, மூடி முழுவதும் அதிர்ந்தால்தான் காதுக்கு எட்டும் ஒலி பிறக்கும். கனத்த தண்டு மூடியின் நடுவில் ஒட்டிக்கொண்டால் அந்த அதிர்வு அங்கேயே அமுங்கிவிடும். வெட்டுவதற்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்தேன். தண்டை மூடிக்கு அடியில் வைத்து அழுத்தித் தட்டியபோது ஒலி செத்திருந்தது. இடையில் சிறிது இடைவெளி விட்டுத் தட்டியபோது அதே மூடி வாய் திறந்து பேசியது. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் பகுதியில் மூடியின் தடிப்புக்கும் மேலாக மூன்று மில்லிமீற்றர் செதுக்க முடிவு செய்தேன். அதிகம் செதுக்கினால் தண்டு அந்த இடத்தில் மெலிந்து வளையும். குறைத்தால், மழைக்காலத்தில் மரம் ஊறி மூடி இறங்கி மறுபடியும் தொட்டுவிடக்கூடும். யூலையின் கச்சான் காற்றில் அளந்த மூன்று மில்லிமீற்றர், மார்கழியின் வாடைக்காற்றிலும் மூன்றாகவே இருக்குமா?

இரவு பதினொரு மணிக்கு எழுந்து அந்த இடைவெளியை மீண்டும் அளந்தேன்.

யூலை 12

வீணையில் தந்திக்கு அடியில் குறுக்கே நிற்கும் இருபத்துநான்கு மெட்டுகளையும் மெழுகில் பதித்து, காதால் கேட்டு நகர்த்தி நிறுத்துகிறார்கள். இங்கே மெட்டு மரத்தில் இறங்கிவிட்டால் நகராது, கணக்குத்தான் காது. தலைப்பக்கத்துக் கட்டையிலிருந்து குதிரை வரை 635 மில்லிமீற்றர் எடுத்துக்கொண்டேன். அதை 17.817 ஆல் வகுத்தால் 35.64 வருகிறது, முதல் மெட்டு அங்கே. மிஞ்சிய 599.36 ஐயும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாம் மெட்டின் தூரம் கிடைக்கிறது. இப்படியே போனால் பன்னிரண்டாம் மெட்டு மிகச் சரியாக 317.5 இல், பாதியில், வந்து நிற்கிறது. அந்தப் பாதியில் தந்தியின் அதிர்வு இரட்டித்து மேல் சட்சமம் பிறக்கிறது. இந்த 17.817 எங்கிருந்து வந்தது என்பது விளங்கியபோது எனக்குள் ஏற்பட்ட மகிழ்ச்சியை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது: ஒவ்வொரு மெட்டிலும் அதிர்வெண் இரண்டின் பன்னிரண்டாம் மூலத்தால் பெருகுகிறது, அவ்வளவுதான்.

கணக்கைவிடக் குறியிடுவதுதான் பெரிய பாடம். ஒரு மெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் ஒவ்வொரு பென்சில் கோட்டின் தடிப்பும் சேர்ந்து கடைசியில் சுருதியைக் கெடுக்கும். அளவுகோலைத் தலைப்பக்கத்தில் ஒருமுறை வைத்து அசைக்காமல் 35.64, 69.28, 101.03 என்று எல்லாவற்றையும் அங்கிருந்தே குறிக்க வேண்டும். வாளின் வெட்டும் முக்கியம்: அகன்றால் மெட்டுக் கம்பி பிடிக்காது, மிக ஒடுங்கினால் ஒவ்வொரு மெட்டும் ஆப்பாக இறங்கித் தண்டையே பின்னுக்கு வளைக்கும். மிச்சக் கட்டையில் வெட்டிப் பார்த்த பின்னரே தண்டைத் தொட்டேன்.

யூலை 13

அக்கா பேசினாள். “அம்மா சாப்பிட்டவ. டொக்டர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.” அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

யூலை 16

தந்தி ஏற்றிவிட்டேன். ஆறு தந்திக் கட்டிலிருந்து ஏ, டீ, ஜீ என்ற மூன்றையும் எடுத்து, ஏயை மட்டும் ஒரு முழுச் சுரம் தளர்த்தினால் ஜீ, டீ, ஜீ வருகிறது. நம்முடைய ச ப ச இதுவேதான்: அதிர்வெண் 98, 147, 196. மூன்றையும் ஒன்றாக மீட்டியபோது மூடி அதிர்வதை என் நெஞ்சில் உணர்ந்தேன். இடைவெளி இருக்கிறது, வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன்.

மத்திய வீதி இரும்புக்கடையில் வாங்கிய மரையாணிதான் குதிரை. கணக்குச் சொன்ன 635 இல் அதை வைத்தால் சுருதி சேரவில்லை, ஏனெனில் விரல் அழுத்தும்போது தந்தி சிறிது இழுபட்டு ஒலி உயர்கிறது. பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியையும் அழுத்தி எழுப்பும் ஒலியையும் ஒப்பிட்டு, அழுத்திய ஒலி உயர்ந்தால் குதிரையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தடித்த தந்திக்கு அதிகமாகவும் மெல்லிய தந்திக்குக் குறைவாகவும் தள்ள வேண்டியிருப்பதால், குதிரை சாய்ந்தே நிற்கிறது. நேராக நிற்கும் குதிரை பார்வைக்கு அழகு, ஆனால் காது அதை ஏற்காது.

யூலை 18

கச்சான் நாள் முழுவதும் அடிக்கிறது. ஐந்தாம் மெட்டில் ஒரு இரைச்சல். நானாவின் கைப்பேசிக்கு ஒலியை அனுப்பினேன். “அஞ்சைத் தொடாதீங்க தங்கச்சி, ஆறைப் பாருங்க” என்றார். மூன்று மெட்டுகளின் மேல் குறுகிய உருக்குச் சட்டத்தை வைத்து ஆட்டிப் பார்த்தபோது, ஆறாவதின் மேல் அது தள்ளாடியது. ஐந்தில் அழுத்திய தந்தி, உயர்ந்து நிற்கும் ஆறில் உரசிப் பாடுகிறது. எண்ணெய்க் கல்லால் அதன் தலையை மட்டும் தேய்த்தேன்.

யூலை 19

அழைப்பு இல்லை. இடைவெளி மூன்று மில்லிமீற்றர்.

யூலை 21

அக்கா என்னை உடனே வரச் சொல்கிறாள். இரவுப் பேருந்தில் இடம் கிடைத்தது. கிற்றாரையும் கொண்டுபோகிறேன். குதிரை எதிலும் ஒட்டப்படவில்லை. தந்திகளின் அழுத்தமே அதைப் பிடித்திருக்கிறது. ஆகவே தந்திகளைத் தளர்த்துவதற்கு முன் அதன் சாய்வை இருபக்கமும் மூடியில் பென்சிலால் குறித்துவிட்டேன். மூன்றாம் தந்தி பன்னிரண்டாம் மெட்டில் இன்னும் மயிரிழை உயர்ந்தே ஒலிக்கிறது. அதை அங்கே போய்ச் சரிசெய்ய வேண்டும்.