1911 பன்றி ரூபாய்: பம்பாய்ப் புள்ளியை உறுதி செய்த கதை

என்னிடமுள்ள ஐந்தாம் ஜார்ஜ் 1911 ஒரு ரூபாய், பம்பாய் நாணயச்சாலையில் அச்சானதுதான் என்பது ஒருவழியாக உறுதியாகிவிட்டது. மும்பை மாட்டுங்கா நண்பர்கள் பலமுறை கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

மன்னரின் மார்புச் சங்கிலியிலுள்ள யானைக்குத் தும்பிக்கை குட்டையாக அமைந்து, அது பன்றி போலத் தெரிகிறது என்ற எதிர்ப்பு, குறிப்பாக முஸ்லிம்களிடையே, எழுந்ததால் இந்த ரூபாய் நிறுத்தப்பட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலுமாக ஏறத்தாழ 94 லட்சம் அச்சிடப்பட்டும், சுமார் 7 லட்சமே வெளியே சென்றிருந்தன, மற்றவை உருக்கப்பட்டன. 1912 முதல் யானை திருத்தமாக வருகிறது. ஆகவே ஆண்டின் கடைசி இலக்கத்தை யாரேனும் செதுக்கி மாற்றியிருந்தாலும் யானை காட்டிக்கொடுத்துவிடும். என் நாணயத்தில் அந்த ஐயத்திற்கு இடமில்லை.

சிக்கல் முழுவதும் புள்ளியில்தான் இருந்தது. பின்பக்கத்தின் அடியில், தாமரைப் பூவுக்குக் கீழே சிறிய மேடான புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. ஆனால் இந்த ரூபாய் ஒருகாலத்தில் மேலும் கீழும் வளையம் வைத்துக் காசுமாலையில் கோக்கப்பட்டிருந்ததால், அதே இடத்தருகே வளையத்தைப் பற்றவைத்த பொடியின் மிச்சம், அதாவது பற்று, ஒட்டியிருந்தது. மேலிருந்து நேராக விளக்கைப் பிடித்தால் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அறையை இருட்டாக்கி, விளக்கை மேசை மட்டத்திற்குத் தாழ்த்தி, நாணயத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோதுதான், பற்றின் நிழல் ஒழுங்கின்றிச் சிதற, புள்ளியின் நிழல் எந்தக் கோணத்திலும் சீரான பிறையாக விழுந்தது. என்னிடமுள்ள 1918 பம்பாய் ரூபாயை அருகில் வைத்துத் தாமரை இதழ்களிலிருந்து புள்ளியின் தொலைவை ஒப்பிட்டேன், அச்சாகப் பொருந்தியது. பற்றைச் சுரண்டி எடுக்கச் சொன்னவர்களுக்கு ஒன்று: அது இந்த நாணயத்தின் வரலாற்றில் ஒரு பகுதி, நான் தொடமாட்டேன்.

ஃபோர்ட் பகுதியில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் அதே ஆண்டின் அரை ரூபாய் ஒன்றை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். அதிலும் இதே யானைதான். தும்பிக்கை தேயாமல் இருந்தால் மட்டுமே வாங்குவேன். தேய்ந்த நாணயத்திற்கு அவர் கேட்கும் விலை நியாயமில்லை.