பொட்டு வைத்த லேத்

கடவுள் இல்லை என்று சொல்கிறவர் நடத்தும் பட்டறையிலும் ஆயுத பூஜை நவமியன்று, இரும்பைக் கடையும் எந்திரமான லேத்துக்குப் பொட்டு வைத்திருப்பார்கள். வேறு மதத்தைச் சேர்ந்த தொழிலாளியும் பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போவார். சஷ்டி விரதத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. முருகன் மேல் நம்பிக்கை போய்விட்டால் அதில் மிஞ்சுவது வெறும் பசிதான். ஆயுத பூஜை நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதற்குள் ஒரு வேலை இருப்பது.

அந்த வேலையைச் சரியாகச் செய்வோம். முதல் நாள் மதியமே மெயினை அணைத்துவிட வேண்டும். இரும்புச் சீவலைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் தூள், வெட்டும் உளியைத் தாங்கி நகரும் கேரேஜுக்கு அடியில் போய் உட்கார்ந்து, ஓடும்போது அது நகரும் தளமான பெட்டைக் கீறும். வருஷம் முழுக்கத் திறக்காத கூலண்ட் (வெட்டும்போது சூடு தணிக்கும் திரவம்) தொட்டியின் அடியில் சேறு கட்டியிருக்கும். நாற்றத்துக்குப் பாதிக் காரணம் அதுதான், வழித்து எடுத்துவிடுங்கள். பெல்ட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும் இதைவிட நல்ல நேரம் வராது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகு, பெயின்ட் இல்லாத பளபளப்பான இரும்புப் பரப்பு முழுவதும் எண்ணெய் பூசுங்கள். அழுக்குத் துணிகளை அன்றே வெளியேற்றிவிடுங்கள். மறுநாள் அதே இடத்தில்தான் கற்பூரம் ஏற்றப் போகிறோம்.

சந்தனத்தைப் பெயின்ட் அடித்த மூடியின் மேல் வையுங்கள். பளபளக்கும் பெட்டின் மேலோ, கடையும் துண்டைப் பிடிக்கும் சக்கின் மேலோ வைத்தால், ஈரம் இரவெல்லாம் இரும்பைத் தின்னும். துடைத்துப் பார்த்தால் பொட்டு இருந்த அளவுக்கே, அதே வட்டத்தில், பழுப்புத் துரு தெரியும். இடையில் விடுமுறை சேர்ந்துவிட்டால் எமரித் தாள் போட்டுத் தேய்த்தாலும் தடம் போகாது. திருஷ்டிப் பூசணியைச் சாலை நடுவில் உடைக்க வேண்டாம். சதையும் குங்குமமும் சேர்ந்து வழுக்கி, இரு சக்கர வண்டியில் வருபவர் விழுவார். வாசல் ஓரத்தில் உடைத்து, உடனே கூட்டி அள்ளிவிடுங்கள்.

இந்தச் சடங்கு ஏற்கெனவே ஒரு முறை ஆள் மாறியிருக்கிறது. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ் மகாநவமியைப் பற்றி எழுதியது யானை, குதிரை, அரசன் பார்வையிடும் படை என்று போகும். அரசன் போனான், படை போனது. வாள் இருந்த இடத்துக்கு ஸ்பேனர் வந்தது. கருவி எதுவானாலும் வருஷத்துக்கு ஒரு தடவை அதைக் கழுவித் துடைத்தாக வேண்டும்.

நம்பிக்கையைத் தெரிந்தே கழற்றி வைத்த சடங்கும் தமிழ்நாட்டில் உண்டு. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொல்லலாம், மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும். புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். சுற்றி நிற்கும் ஆட்கள் மட்டும் வேண்டும்.

ஆனால் நம்பிக்கை போனால் ஒன்றும் போகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயுத பூஜையில் முதலில் கழன்று போவது ஓய்வுதான். பூஜையில் வைத்த கருவியை விஜயதசமி வரை தொடக்கூடாது என்ற பயம் இருந்தவரை, எவ்வளவு அவசர ஆர்டர் வந்தாலும் முதலாளி சுவிட்சைப் போட மாட்டார். பயம் விலகிய இடத்தில் தீபாராதனை முடிந்த கையோடு நைட் ஷிஃப்ட் ஓடுகிறது. பொட்டுக்குச் செலவில்லை, ஓய்வுக்குச் செலவு உண்டு. சாமிக்காக இல்லாவிட்டாலும், அந்த ஒரு நாள் ஓய்வைத் தொழிலாளிக்காகக் காப்பாற்றுங்கள் என்று முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

விஜயதசமி காலையில் பொட்டைத் துடைத்து, மாலையை அவிழ்த்துவிட்டு, ஸ்லைடில் புது எண்ணெய் விடுங்கள். சக் சாவி சக்கிலேயே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கழற்றிவிட்டு மெயினைப் போடுங்கள். குறைந்த வேகத்தில் பத்து நிமிஷம் சும்மா ஓடட்டும். முதல் ஜாபைப் புதிதாகச் சேர்ந்த பையன் பிடிக்கட்டும்.